அரளி தித்தித்த வருஷம்

கல்லேரிப்பட்டியில் அரளி தித்தித்துப்போனது ஓர் ஆவணி மாசத்து வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேல் பத்து மணிக்குள். நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. ஒன்பது மணிக்குக் குப்பாயி வீட்டு வேலிக்குள் முகத்தைப் புதைத்த மாதையனின் பதினோரு ஆடுகளும் பத்து மணிக்குள் காலைப் பரப்பிக்கொண்டு செத்திருக்க வேண்டும், ஒன்றுகூடச் சாகவில்லை.

அந்த ஊரில் அரளி இல்லாத இடமே கிடையாது. ஓடைக்கரை மணலில் யாரும் நடாமலே முளைத்து நிற்கும், கரட்டுக் குன்றின் அடிவாரத்துப் பாறை இடுக்கில் நிற்கும், கோடையில் கிணறெல்லாம் தரை தட்டி மற்ற மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கிறபோதும் அது மட்டும் யாருக்கு வந்த விருந்தோ என்று பச்சைப்பசேலென நின்று, அதுவும் போதாதென்று கொத்துக்கொத்தாகப் பூத்துத் தொலைக்கும். தோட்டங்களில் அதையே வரிசை பிடித்து நட்டு, விடியக்காலையில் மொக்காகவே பறித்து, சேலத்துப் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு வேலியும் அதுதான், ஆடு மாடு வாய் வைக்காது என்கிற ஒரே காரணத்துக்காக. வாய் வைத்தால் போய்ச் சேர்ந்துவிடும். மனுஷனும்தான்.

இதனால் அந்த ஊர்ச் சண்டை எல்லாவற்றுக்கும் ஒரே கடைசி வசனம் இருந்தது. மாமியார் மருமகள் சண்டையாகட்டும், அண்ணன் தம்பி வரப்புச் சண்டையாகட்டும், குழம்பில் உப்புக் கூடிப்போன சண்டையாகட்டும், யாராவது ஒருவர் எழுந்து மாரைத் தட்டிக்கொண்டு, "அரளியத் தின்னுட்டுப் போய்ச் சேர்றேன், அப்பறம் நிம்மதியா இருங்க," என்பார். உடனே சண்டை நின்றுவிடும். சொன்னவர்களில் சிலர் செய்தும் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தவர்களும் இருக்கிறார்கள், ஆகவே அந்த வசனத்துக்கு மேல் யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. குப்பாயி ஒருத்தியே தன் புருஷனிடம் வாரத்துக்கு மூன்று முறை சொல்வாள், ஆடி மாசத்தில் ஐந்து முறை.

ஆடுகள் விஷயத்துக்கு வருவோம். அவை செத்துவிட்டதாகவே முடிவுகட்டிய மாதையன் நடுத்தெருவில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஆட்டையும் பேர் சொல்லி ஒப்பாரி வைத்தான். "என்னைப் பெத்த மகராசி கருவாச்சீ, கொம்பு மொளைக்காத கொழந்தையே சின்னானே," என்று அவன் அழ அழ, கருவாச்சியும் சின்னானும் சுற்றி நின்று அசைபோட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தன. பதினோரு பேரும் முடிந்து அவன் மூக்கைச் சிந்தியபோது, பெரிய கிடா அவன் தோளில் முன்னங்காலைப் போட்டு ஏறி, வேலியில் எட்டாமல் இருந்த கொத்தை இழுத்துத் தின்றது.

"அடப்பாவிகளா, எமனுக்கே டிமிக்கி குடுத்துட்டீங்களாடா!" என்றான் மாதையன்.

கூட்டமே சிரித்தது. அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் பாவாயி. அவள் ஆடுகளைப் பார்க்கவில்லை, அவை மென்றுகொண்டிருந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாவாயிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயசு. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் தங்கவேலு ரிக் வண்டியில் வேலை பார்த்தான், போர்க்கிணறு போட வடக்கே மத்தியப்பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் ஆறு மாசம் கழித்துத்தான் ஊரில் முகம் காட்டுவான். இரண்டு ஏக்கர் அரளித் தோட்டத்தையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு அவளும் மருமகள் மேகலாவும் மட்டும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேகலாவுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்து, மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பெண் அழவில்லை, யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை, தட்டில் சோறு போட்டால் தின்றாள், கேட்டால் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் பாவாயி தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனபோது மேகலா வரப்பில் உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் அரளிக்காய்கள் இருந்தன. பாவாயி காய்களை எடுத்துத் தூர வீசினாள், மருமகளின் இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொண்டதே இல்லை.

அன்றிலிருந்து பாவாயிக்குத் தூக்கம் என்பது கிடையாது. மருமகள் தண்ணிக்குப் போனால் இவளும் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள், வீட்டில் இருக்கிற குடமெல்லாம் நிரம்பியிருந்தாலும் போவாள். மேகலா குளிக்கப் போனால் தட்டிக்கு வெளியே நின்று இருமுவாள், உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு செருமல் வரும் வரைக்கும் இருமிக்கொண்டே இருப்பாள். அரளியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று எத்தனையோ தரம் மண்வெட்டியை எடுத்திருக்கிறாள். பிடுங்கினால் வயிற்றுக்கு என்ன வழி? அப்படியே பிடுங்கினாலும் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறது, ஓடையில் இருக்கிறது, கரட்டில் இருக்கிறது, ஊரையேவா பிடுங்கிப்போட முடியும்? மண்வெட்டியை மறுபடியும் சுவரில் சாய்த்து வைத்துவிடுவாள்.

ஒன்பது நாள் கழித்தும் ஆடுகள் துள்ளிக்கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டு, ஓசியில் கிடைத்தால் எதையும் விடாத மாதையனே ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கொய்யாப்பிஞ்சைக் கடித்துவிட்டு வெல்லத்தை நக்கின மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவன் இன்னோர் இலையைக் கிள்ளினான். மறுநாளும் அவன் நன்றாகத்தான் இருந்தான், ஆளுக்கு வயிற்றுப்போக்குக்கூட இல்லை.

ஆனால் அவன் தின்றது குப்பாயி வேலியில் ஒரு செடி. பாவாயிக்கு அது போதவில்லை. அடுத்த நாள் காலையில் அவள் தன் தோட்டத்தில் முதல் வரிசையில் முதல் செடியிலிருந்து ஆரம்பித்து, செடிக்கு ஓர் இலை கிள்ளி மென்று பார்த்துக்கொண்டே போனாள், சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, ரோஸில் ஒன்று என்று ஒரு செடி விடாமல். தோட்டம் முடிய இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஓடைக்கரை காட்டரளியை மென்றாள், நான்காம் நாள் கரட்டுக்கு ஏறிப் பாறை இடுக்கில் இருந்ததையெல்லாம் மென்றாள். ஒன்றாவது கசக்க வேண்டுமே, இல்லை. பாழாய்ப்போன செடி அத்தனையும் தித்தித்தது.

கரட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தவள், ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள், முன்பக்கத்து ஆசாரத்தில் முந்தானையை விரித்துப் படுத்தாள். மேகலா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். மாவு ஆட்டி முடித்து, வழித்து, கல்லைக் கழுவி, துணி துவைத்துக் காயப்போட்டு, அது காய்ந்து மடித்து வைக்கிற வரைக்கும் பாவாயி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாயப்போகையில்தான் மேகலா வந்து தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"அத்தே, ஒடம்புக்கு என்ன? இந்த நேரத்துல தூங்கமாட்டீங்களே."

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள் பாவாயி. "ரெண்டு வருஷத்துத் தூக்கம், கொஞ்சம் பாக்கி இருந்துச்சு."

மறுநாள் விடியக்காலையில் மேகலாவைத் தனியாக மொக்குப் பறிக்க அனுப்பினாள். வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்தாள், பின்னாலேயே போகத் துடித்த காலை இன்னொரு காலால் மிதித்து நிறுத்திக்கொண்டாள், பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். காப்பி அவ்வளவு ருசியாக இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஊர் அந்த அதிசயத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், தின்று தீர்த்தது என்பதுதான் பதில். முதல் வாரம் பயந்து பயந்து மென்றார்கள், இரண்டாம் வாரம் துவையல் அரைத்தார்கள், மூன்றாம் வாரம் பூவைப் பருப்போடு போட்டுக் கூட்டு வைத்தார்கள், இளங்குருத்தை மாவில் முக்கிப் பஜ்ஜி போட்ட டீக்கடையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தால் அரளிப்பூப் பாயசம் வைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் குடித்து முடித்த பிறகு அது என்ன பாயசம் என்று சொல்லி, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பது ஊருக்கே ஒரு பொழுதுபோக்காக இருந்தது. மொக்குப் பறிக்கிற பெண்கள் கூடைக்கு நாலு, வாய்க்கு ஒன்று என்று பறித்தார்கள். விவசாய ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து, இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்கு நூல் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. தாங்கள் அனுப்பியது அரளி அல்ல, தயவுசெய்து அரளியை அனுப்பவும் என்று அதில் எழுதியிருந்தது.

பெரிய சங்கடம் சண்டைகளில்தான் வந்தது. குப்பாயி வழக்கம்போல எழுந்து நின்று மாரைத் தட்டி அந்த வசனத்தைச் சொன்னாள். அவள் புருஷன் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே, "போறதுதான் போற, எனக்கும் ரெண்டு கொத்து பறிச்சுட்டு வா, டீக்குக் கடிச்சுக்கலாம்," என்றான். குப்பாயி திறந்த வாயை மூடவில்லை. முப்பது வருஷமாகக் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எவனோ பிடுங்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி நின்றாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து தனக்கு என்னென்ன மனத்தாங்கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க ஆறு நாள் ஆயிற்று. ஊரெல்லாம் இதே கதைதான். முன்பெல்லாம் ஒரே வசனத்தில் முடிந்த சண்டைகளைக் கடைசி வரைக்கும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது, பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய், கல்லேரிப்பட்டிக்காரர்கள் மிளகு போட்டுப் பால் குடித்தார்கள்.

ஐப்பசி பிறந்ததும் தித்திப்பு திகட்ட ஆரம்பித்தது. வேலி என்று ஊரில் ஒன்றும் மிச்சமில்லை. ஆடு தின்றதுபோக மாடு தின்றது, மாடு தின்றதுபோகக் கரட்டிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து தின்றன, வேலி போன வழியாக உள்ளே புகுந்து தக்காளியையும் வெண்டையையும் சேர்த்துத் தின்றன. மாதையனின் ஆடுகளோ மேய்ச்சலுக்கு மலையேற மாட்டோம் என்று தெருவிலேயே படுத்துக்கொண்டன. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், ஆனால் பூசாரி சடையப்பன் ஒரு வெள்ளிக்கிழமை அரளிமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விதான் ஊரைக் கூட்டிவைத்தது.

"பறிக்கையிலயே கடிச்சுக் கடிச்சுத் துப்புறீங்க. இது எச்சில் பூ இல்லாம வேற என்ன? இத நான் எப்படி ஆத்தாளுக்குச் சாத்துறது?"

ஊர்க்கூட்டம் கூடிற்று. மாதையன்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினான். "வெசம் இருந்தாத்தான்யா அது அரளி! இல்லாட்டி முருங்கைக்கீரைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? ஆத்தாகிட்டக் கெடா வெட்டறதா வேண்டிக்கிட்டு வெசத்தத் திரும்பக் கூப்புடுவோம்!" என்றான். ஆமாம் ஆமாம் என்று கூட்டம் தலையாட்டியது. குப்பாயியும் ஆட்டினாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆட்டினார்கள். பாவாயி கடைசியில் தூணோரம் நின்று எல்லாத் தலைகளையும் பார்த்தாள். ஒரு தலையாவது இப்படியும் அப்படியுமாக ஆடக்கூடாதா என்று ஏங்கினாள். தன் தலையையாவது அவள் அப்படி ஆட்டியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் மேகலாவின் மடியை ஊருக்கு நடுவில் பிரித்துக் காட்ட வேண்டும், அதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

பூக்கேட்டு முடிவெடுப்போம் என்றார் பூசாரி. அந்தப் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் அம்மனிடம் பூக்கேட்காமல் செய்வதில்லை. ஒரு வெள்ளரளிப் பூவையும் ஒரு செவ்வரளிப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி நூல் சுற்றி, தாம்பாளத்தில் போட்டு அம்மன் காலடியில் வைப்பார்கள். காலையில் வைத்தால் உச்சிவேளைப் பூசை வரைக்கும் அங்கேயே இருக்கும், ஊர்ச்சனம் வந்து கும்பிட்டுவிட்டுப் போகும். உச்சிப்பூசை முடிந்ததும் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். சிவப்பு வந்தால் ஆத்தாளுக்குச் சம்மதம், நஞ்சு திரும்ப வரட்டும். வெள்ளை வந்தால் வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பூக்கேட்கக் குறித்த வெள்ளிக்கிழமை காலையில் பாவாயி குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, மடியில் ஒரு பொட்டலத்தோடு கோயிலுக்குப் போனாள். உள்ளே இருந்தது வெள்ளரளி. பூசாரி தேங்காய் பொறுக்கி எடுக்கப் போயிருந்த நேரம். சிவப்புப் பொட்டலத்தை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்துவிடுவது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது திட்டம் போட்டிருந்தாள், வந்து பார்த்தால் எது சிவப்பு எது வெள்ளை என்று யாருக்குத் தெரியும், இரண்டும் ஒரே மாதிரி பூவரச இலைப் பொட்டலம். ஐம்பத்திரண்டு வருஷத்தில் ஆத்தாளை ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"ஆத்தா, என்னைய என்ன வேணும்னாலும் பண்ணிக்க," என்றாள் வாய்க்குள். "கண்ணக் குருடாக்கு, காலை மொடக்கு, ஒண்ணும் சொல்லமாட்டேன். அந்தப் புள்ளைய மட்டும் விட்டுரு. இன்னும் கொஞ்ச நாளு, அவ தெளியற வரைக்கும், இந்தச் சனியன் தித்திப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

எடுக்க முடியாவிட்டால் என்ன, சேர்க்கலாமே. இரண்டுக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளையும் ஒரு சிவப்பும். அவளால் முடிந்தது அவ்வளவுதான். எண்ணிக்கை மூன்றானதைப் பூசாரி பார்த்தால் என்ன சொல்வாரோ? ஊர்ச்சனம் ஒவ்வொருவராக உள்ளே போவதையும் கும்பிட்டுவிட்டு வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒவ்வொருவரும் உள்ளே போகும்போது, யாராவது கத்தி ஊரைக் கூட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் வேகமாக உள்ளே போய் அதைவிட வேகமாக வெளியே வந்தார்கள். மேகலாவும் வந்தாள், கும்பிட்டாள், வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உச்சிப்பூசை முடிந்து மணி நின்றது. கூட்டம் வாசல் வரைக்கும் நெருக்கியடித்து நின்றது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு தாம்பாளத்தில் கையை வைத்தார், வைத்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார். தாம்பாளம் நிறைந்து, வழிந்து, தரையிலும் சிதறிக் கிடந்தன பொட்டலங்கள்.

"என்னாங்கடா இது?" என்றார்.

எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கோயில் கூரையில் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது.

பூசாரி ஒன்றைப் பிரித்தார். வெள்ளை. முடிவு தெரிந்துவிட்டது, அத்தோடு விட்டிருக்கலாம், அவரால் முடியவில்லை. இன்னொன்றைப் பிரித்தார், வெள்ளை. வாழையிலையில் மடித்தது வெள்ளை, தேக்கிலையில் மடித்தது வெள்ளை, பேப்பரில் மடித்தது வெள்ளை, பள்ளிக்கூட நோட்டுத்தாளில் யாரோ ஒரு பிள்ளை மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது, அதுவும் வெள்ளை. பழைய சேலைக் கிழிசலில் முடிந்தது வெள்ளை, மாத்திரைக் கவரில் போட்டது வெள்ளை. பிரிக்கப் பிரிக்கக் கூட்டத்தில் விசும்பல் சத்தம் கூடிக்கொண்டே போயிற்று, முதலில் பெண்கள் பக்கம், அப்புறம் ஆண்கள் பக்கம். பீடி இலையில் சுற்றி, பீடி கட்டுகிற நூலாலேயே கட்டிய பொட்டலம் ஒன்று வந்தது. அந்த ஊரில் பீடி சுற்றிப் பிடிக்கிற ஆள் ஒருவன்தான். எல்லோரும் மாதையனைப் பார்த்தார்கள்.

மாதையன் துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். "என்னத்தப் பாக்கறீங்க?" என்றான். "எந்தம்பி போனது இதுலதானேய்யா. இப்ப அவன் மகன் இருக்கான், பரிச்சைல பெயிலாகிட்டு மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு ஓடைப் பக்கமாவே சுத்தறான். வேலி போனா முள்ளு வெட்டி அடைச்சுக்கலாம்யா, அவன் போனா நான் என்ன பண்ணுவேன்?"

"அன்னிக்குக் கூட்டத்துல அந்தக் கத்து கத்துனியே?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"எல்லாரும் தலையாட்டுனீங்க, நான் கத்துனேன்," என்றான் மாதையன்.

கடைசியாக மிஞ்சியவை இரண்டு பூவரச இலைப் பொட்டலங்கள், பூசாரி தன் கையால் கட்டி வைத்தவை. அவற்றைப் பிரிக்க அவர் கை எழவில்லை. கூட்டம் விடவில்லை. ஒன்றைப் பிரித்தார், வெள்ளை. இன்னொன்றைப் பிரித்தார். அதுவும் வெள்ளையாக இருந்தது. தாம்பாளத்திலும் தரையிலும் கிடந்த அத்தனை பூவிலும் ஒரு சிவப்பு இல்லை. சடையப்பன் பூசாரிக்கு வீட்டில் விதவையாக வந்து இருக்கிற தங்கச்சி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அம்மன் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ஆத்தா வேண்டாம்னுட்டா," என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்தார்கள். நீ யாருக்காக வைத்தாய் என்று குப்பாயி பாவாயியைக் கேட்கவில்லை, தானாகவே, "நான் எம்புருசனுக்கு வெச்சேன்டி. நான் கத்தறவ, தொலைஞ்சுது. அந்தாளு ஒண்ணும் பேசமாட்டான், அதான் எனக்குப் பயம்," என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாவாயிக்கு நெஞ்சில் இரண்டு வருஷமாக இருந்த பாறாங்கல் நகர்ந்தது. ஊரில் தான் ஒருத்திதான் இருமிக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்திருந்தாளே, வீட்டுக்கு வீடு ஓர் ஆள் இருமிக்கொண்டு நின்றிருக்கிறது! மேகலாவும் ஒரு பொட்டலம் வைத்தாளா என்று கேட்க அவளுக்கு ஆசைதான், கேட்கத்தான் பயமாக இருந்தது.

முள் வெட்டி வேலி அடைத்தார்கள். அம்மனுக்கு மட்டும் என்று கோயிலை ஒட்டி நாலு வரிசையை ஒதுக்கி, அதில் யாரும் வாய் வைப்பதில்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள். மார்கழி போயிற்று, தை போயிற்று. மாதையனின் தம்பி மகன் டுடோரியலில் சேர்ந்தான். தங்கவேலு பொங்கலுக்கு வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போனான், அவன் கிளம்பிய அன்றைக்கு மேகலா அழுதாள், இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, வாய்விட்டு, மூன்று நாள் இருந்துவிட்டுப் போன அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி அழுதாள். பாவாயி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அழு கண்ணு, நல்லா அழு என்று அவளும் சேர்ந்து அழுதாள்.

மாசி மாசத்தில் ஒருநாள் காலையில் மாதையன் பாவாயி வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆடுகள் அரளியை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போய்விட்டன என்றான். நேற்றிலிருந்தே ஒன்றும் வாய் வைக்கவில்லை, ஓடைக்கரையிலும் வைக்கவில்லை, கரட்டிலும் வைக்கவில்லை. "வந்துருச்சுக்கா," என்றான். "யாரும் கூப்புடாமயே வந்துருச்சு."

மேகலா மொக்குப் பறிக்கத் தனியாகப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பாவாயி செருப்பைத் தேடவில்லை. அடுப்பில் கொதித்த உலையை இறக்கவில்லை. முந்தானை எங்கேயோ முள்வேலியில் மாட்டிக் கிழிந்தது, அதையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். "மேகலா, மேகலா," என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள், கூப்பிட்டால் பதில் வராதோ என்கிற பயத்தில் பாதிக்கு மேல் சத்தமே வரவில்லை. தோட்டத்துக்குள் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தாள். முதல் வரிசையில் இல்லை, இரண்டாவதில் இல்லை, வரப்பில் இல்லை. கிணற்றடி வரிசையில் கூடை தெரிந்தது. கூடைக்கு அந்தப் பக்கம் மேகலா நின்றுகொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி, பூ ஏற்றுகிற வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏழு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு இன்னும் தூங்கிட்டு இருக்கீங்களா? மொக்கு மலர்ந்துபோனா எந்த மார்க்கெட்ல போடறது, உங்க தலைலயா?"

அத்தை மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்ததும் போனை வைத்தாள். கிழிந்த முந்தானையைப் பார்த்தாள், வெறுங்காலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கசப்பு வந்தாச்சு, அதுக்குத்தானே ஓடியாந்தீங்க?" என்றாள். "நேத்து சாயங்காலமே எனக்குத் தெரியும், அத்தே. பழக்க தோசத்துல ஒரு மொக்கக் கடிச்சேன். அப்பா, என்னா கசப்பு! தூத்தூன்னு துப்பிட்டேன்."

பாவாயி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிழிந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாயக் கொப்புளிச்சியா?" என்றாள் கடைசியில்.

"நாலு தரம் கொப்புளிச்சேன். தண்ணித்தொட்டியில போயி, நல்லா."

"நல்லா கொப்புளிச்சியா?"

"நல்லாக் கொப்புளிச்சேன், அத்தே," என்றாள் மேகலா.